மணல் மூட்டை உட்கார்ந்த இடம்

ஒரு மணல் மூட்டைக்குக் கொடுத்த இடத்தை என் அக்கா வீட்டுக்காரர் எனக்குக் கொடுக்கவில்லை. பல வருஷமாக மனசில் கிடக்கிற குறை இது. ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் அவர் உயிரோடு இருக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொன்னவன். அதனால் இப்போது சொல்வதில் தப்பில்லை.

அவரிடம் ஒரு கார் இருந்தது. கூரையை மடக்கி வைக்கிற மாதிரியான பழைய ஸ்போர்ட்ஸ் கார். வலது பக்கம் ஓட்டுகிறவர், இடது பக்கம் கூட வருகிறவர், அவ்வளவுதான். பின் சீட் என்ற பேச்சே கிடையாது. அந்த வண்டிக்கு அடியில் நான் படுத்துக் கிடந்ததற்கு அளவில்லை. என் முதுகுத் தோலில் பாதி அந்த ஷெட்டுத் தரையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடது சீட்டில் தெருமுனை வரைக்கும்கூட என்னை ஏற்றிக்கொண்டு போனது கிடையாது. அங்கே மணல் மூட்டை உட்கார்ந்திருக்கும். அதற்கு பெல்ட் வேறு போட்டிருப்பார்.

எனக்குத் தொழில் லாரிக்குக் கமான் பட்டை கட்டுவது. அச்சுக்கு மேலே வில் மாதிரி வளைத்து அடுக்கி வைத்திருப்பார்களே இரும்புப் பட்டை, அது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாம் வகுப்போடு ஒட்டு உறவு முடிந்தது. மாமா பத்தாவது வரைக்கும் படித்தவர். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பு நிலையத்தில் வேலை பார்த்தார். அங்கே இரண்டு பெரிய பம்பு. ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்கும். நடுவில் ஒரு நாற்காலி போட்டு இவர் உட்கார்ந்திருப்பார். பேச ஆள் கிடையாது. ஆள் இருந்தாலும் அந்த இரைச்சலில் பேச முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்து காது பாதி போய்விட்டது. தெருவில் அவருக்குப் பேரே 'பம்பு'. பின்னால் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்கிற தைரியம் எல்லோருக்கும்.

பம்பு நிலையத்தில் இருந்த இன்ஜினியர் ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபோனபோது இந்தக் காரை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். "ஓட்ட முடிஞ்சா ஓட்டு. முடியலையா, உள்ள கோழி அடை" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாராம். மாமா கோழி அடைக்கவில்லை. அப்போது அவருக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. லீவு நாள் வந்தால் அக்கா தலையில் ஒரு துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு இடது பக்கம் ஏறுவாள். இரண்டு பேரும் ஊருக்கு வெளியே ஏரிக்கரை ரோட்டில் போய்விட்டு, தலையெல்லாம் தூசியாக, சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். சண்டை எப்போதும் ஒன்றுதான். அக்கா சொன்ன இடத்தில் திரும்பாமல் மாமா நேரே போய்விடுவார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று அவரும், கேட்டும் கேட்காத மாதிரி போனார் என்று அவளும். மகள் பிறந்த பிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டும் போனார்கள். மகள் வளர்ந்து மடியில் இடம் இல்லாமல் போனதும் மறுபடி இரண்டு பேராகப் போனார்கள்.

வீடு மாடியில், ஷெட்டு கீழே. மாடிப்படி செங்குத்தாக ஏணி மாதிரி இருக்கும். மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள் அக்கா துணி உலர்த்திவிட்டு இறங்கும்போது அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஒரு வில்லை நழுவிவிட்டது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தாள். எழுந்ததும் மாமா ஆசையாகக் காரைத் துடைத்து அவளை ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"நீங்க போங்க. நான் மெதுவா நடந்து வர்றேன்."

"ஏன், நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒன்னும் பண்ணல. குழிக்கு ஒரு அடி, சுத்தியால அடிக்கற மாதிரி முதுகுல விழுது. இனிமே இந்த வண்டியில என்னால ஏற முடியாதுங்க."

மாமா வண்டியை அவளுக்குப் பக்கத்திலேயே நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். ஷெட்டுக்குள் வண்டியை விட்டதும் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "சரி பண்ணிடறேன்."

அந்தப் படியில் அக்காவால் ஏறி இறங்க முடியவில்லை. மகள் வீட்டில் லிஃப்ட் இருந்தது. மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பஸ்ஸில் போனால் ஒரு காலைப்பொழுது ஆகும் தூரம். "வேலையை விட்டுட்டு நீங்களும் வந்துருங்கப்பா" என்று மகள் கூப்பிட்டாள். "வண்டி முடிஞ்சதும் வந்து அம்மாவை அதுல கூட்டிட்டு வர்றேன்" என்றார் இவர். கீழ்த்தளத்தில் வீடு பார்த்துவிடலாம், வண்டிதான் பாக்கி என்று நினைத்தார். அப்படித்தான் மனுஷர் தனியாளானார்.

மாடியில் இரண்டு நாற்காலி இருந்தது. ஒன்றில் அவர் உட்காருவார். இன்னொன்றில் பேரிங்கும் புஷ்ஷும் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடக்கும். சமைத்த பாத்திரத்திலேயே நின்றுகொண்டு சாப்பிடுவார். கட்டிலில் அக்கா படுக்கிற பக்கம் போர்வை மடித்தது மடித்தபடி இருக்கும். பம்பு நிலையத்தில் தனியாக உட்கார்ந்துவிட்டு வந்து வீட்டில் தனியாக உட்காருவார். நான் போனால் மட்டும் சத்தமாக ஒரு "வா மாப்ளே". அதற்கப்புறம் நேரே ஷெட்டுதான்.

இப்போது வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனி அதே பேரில் மூன்று தலைமுறை கார் போட்டது. மாமாவுடையது முதல் தலைமுறை. பின்னால் ஒரே அச்சு, இரண்டு பக்கமும் கமான் பட்டை. மாட்டு வண்டிக்குத் தம்பி என்று சொல்லலாம். இரண்டாம் தலைமுறையிலும் அதே அமைப்புதான், பட்டை மட்டும் ஒன்று கூட. மூன்றாம் தலைமுறையில்தான் அடிப்பாகத்தையே மாற்றினார்கள். பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் இன்னொன்றுக்குத் தெரியாது.

மாமா அவசரப்பட்டு முதலில் இரண்டாம் தலைமுறை அச்சைக் கொண்டுவந்தார். சுலபமாக உட்கார்ந்துவிட்டது. ஓட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசம்.

"நான் சொன்னேனா இல்லையா மாமா? பட்டை கூடினா பாரம் தாங்கும். முதுகு தாங்காது."

"லாரிக்காரன் மாதிரி பேசாதே."

"லாரிக்காரன்தானே நான்."

பிறகு பழைய இரும்புக் கடையில் ஒரு மூன்றாம் தலைமுறை வண்டி கிடைத்தது. முன்பக்கம் நசுங்கிய டப்பா. கடைக்காரர் அதைத் தட்டிக் காட்டினார். "முன்னாடி யாரோ போய் மரத்தைக் கட்டிப் புடிச்சிருக்காங்க. பின்னாடி பாருங்க, ஒரு கீறல் இல்ல. எந்த வண்டிக்கு மாட்டப் போறீங்க?"

மாமா சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"தாத்தா இடுப்புல பேரன் காலை மாட்டப் போறாரா?"

"அதேதான்" என்றேன். மாமாவுக்கு அது கேட்கவில்லை.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலைதான். பேரனுடைய அச்சு இரண்டு விரல்கடை அகலம் கூட. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. இன்ஜினிலிருந்து பின்னால் வருகிற தண்டு நீளம், அதை வெட்டி ஒட்ட வேண்டும். பிரேக் டியூப்பின் மரை சேரவில்லை. ஸ்பிரிங் போய் முட்டி நிற்க மேலே இடமே இல்லை. தரையை அறுத்துக் குறுக்குச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தோம். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணும். மாமா லீவு நாளில் மட்டும்தான் வேலை செய்வார், நானும் கடை சாத்திய நாளில்தான் போவேன். வருஷங்கள் ஓடின. அவர் பஸ் ஏறி மகள் வீட்டுக்குப் போவார். அக்கா வாசலிலேயே கேட்பாளாம், "முடிஞ்சதா?" இவர், "அடுத்த தடவை வண்டியிலதான் வருவேன்." பிறகு அது அவர்களுக்குள் வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது.

ஒரு இடத்தில் எங்களுக்குள் தகராறு. புகைக் குழாய் இடது பக்கமாகத்தான் போகும். சக்கரத்தைத் தாங்குகிற கை மேலே வரும்போது அந்தக் குழாயில் இடித்தது. வலது பக்கம் பெட்ரோல் டாங்க், குழாயை மாற்ற முடியாது. மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். கை ரொம்ப மேலே வராமல் தடுக்க ஒரு கட்டை ரப்பர் இருக்கும். இடது பக்க ரப்பருக்கு மேலே இரும்புத் துண்டு வைத்துக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார். கை குழாயைத் தொடாது, ரப்பரிலேயே நின்றுவிடும்.

"இடது பக்கம் ஆட்டம் குறையும் மாமா."

"அவ என்ன யானையா? அவ எடைக்கு அவ்ளோ தூரம் எங்க மேல வரப் போகுது?"

அக்காவின் எடை அவருக்குப் பாடம். சுருள் ஸ்பிரிங்கில் அதுதான் சூட்சுமம். உட்காருகிற ஆளுக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டால்தான் மெத்தை, இல்லையென்றால் பலகை. அதற்காகத்தான் மணல் மூட்டை. ஒரு சாக்கில் அக்காவின் எடைக்கு மணலை நிரப்பி, தைத்து, இடது சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டார். நிறுத்திய வண்டியில் உயரம் அளந்து, ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். அதோடு தெருவில் ஓட்டிக்கொண்டும் போவார். பெட்டிக்கடைக்காரர் வம்புக்கு இழுப்பார்.

"என்ன பம்பு சார், வீட்டம்மாவோட கிளம்பிட்டீங்க போல?"

"ஆமா."

"ஒன்னும் பேச மாட்டேங்கறாங்களே, சண்டையா?"

மாமா சிரித்துக்கொண்டே போய்விடுவார். கேட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் நான் கேட்டேன். "மூட்டையை இறக்குங்க மாமா. நான் ஒரு தடவை உக்காந்து பாக்கறேன். மூட்டைக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கு."

"நீ எருமை மாதிரி இருக்கே. நீ உக்காந்தா ஸ்பிரிங்ல அவளுக்குன்னு இருக்கற பதம் போயிடும்."

"சரி, நான் ஓட்டறேன், நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

"இந்த ஸ்டியரிங்கை நீ தொடாதே. லாரிப் பட்டை கட்டற கை."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு போனேன். வேறு யார் போவார்கள்?

போன அன்று மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவில் மணலை அள்ளிப் பக்கத்தில் இருந்த பழைய பெயின்ட் வாளியில் கொட்டினார். என்ன என்று கேட்டேன்.

"இளைச்சிட்டாளாம்."

முதுகு வலி போதாதென்று அக்காவுக்கு வயிற்றிலும் ஏதோ நோய் வந்திருந்தது. இவர் மகளுக்குப் போன் போட்டு எடையைக் கேட்பார். மகள் ஒரு நாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னாள். "மாமா, அப்பா போன் பண்ணா, அம்மா சாப்பிட்டாளான்னு கேக்க மாட்டேங்கறாரு. எவ்ளோ இருக்கான்னு கேக்கறாரு. அம்மா என்ன அரிசியா?" நான் அவளுக்கு ஸ்பிரிங் கதையை எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு போனுக்குப் பிறகும் மூட்டை கொஞ்சம் தொங்கும், வாளி கொஞ்சம் ஏறும். அதற்கேற்ற மாதிரி மெலிந்த ஸ்பிரிங் தேடி மறுபடி இரும்புக் கடைக்கு நடை. மூட்டை முதலில் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பிறகு சாய்ந்து உட்கார்ந்தது.

கடைசியில் வண்டி முடிந்தது. மாமா முடி வெட்டிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்கு அதிலேயே புறப்பட்டார். மூட்டையை ஷெட்டில் இறக்கி வைத்தார். காலியாகப் போகிற சீட்டுதானே, நான் வருகிறேன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் இருக்கிறது. என் மோட்டார் பைக்கில் பின்னாலேயே போனேன், வழியில் எங்கேயாவது கழன்று விழுந்தால் பொறுக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமே.

அக்கா லிஃப்டிலிருந்து மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலையில் பழைய மாதிரியே துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். கதவைத் திறந்து மாமா அவளைப் பூ மாதிரி உட்கார வைத்தார். ஒரு சுற்றுப் போனார்கள், பின்னால் நான். ரோடு மோசமான ரோடு. ஒவ்வொரு குழிக்கும் முன்னால் அக்கா கதவின் மேல் கையை ஊன்றி லேசாக எம்பினாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் பைக் சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

இறங்கியதும் மாமா கேட்டார், "எப்படி?"

"நல்லா இருக்குங்க. மெத்தையில உக்காந்த மாதிரி."

"வலிக்கல?"

"இல்லவே இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு முகம் அவருக்கு இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு லீவு கிடைத்தபோதெல்லாம் போய் ஏற்றிக்கொண்டு போனார். ஆனால் நீண்ட தூரம் போக அமையவில்லை. "வெயில் அடிக்குது, திரும்பிடலாம்" என்பாள். இன்னொரு நாள் "குழாயைத் திறந்து வச்சிட்டு வந்துட்டேன்". இன்னொரு நாள் மாத்திரை மறந்துவிட்டது. வீட்டுக்கு அழைத்து வருகிற பேச்சு தள்ளிக்கொண்டே போனது. இறங்கும்போது மட்டும் அதே வார்த்தை, நல்லா இருக்குங்க. மழைக்காலத்துக்கு முன்னால் மகள் வீட்டிலேயே அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மாமா ஊருக்குத் திரும்பி வந்து மூட்டையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். வாளியிலிருந்த மணலைத் திரும்பப் போடவில்லை. கடைசியாக இருந்த எடையிலேயே வைத்து, பெல்ட் போட்டு, ஏரிக்கரை ரோட்டில் போய்வந்தார். "இது இல்லைன்னா வண்டி என் பக்கமா சாயுது" என்றார். நான் ஏன் என்றா கேட்டேன்? பெட்டிக்கடைக்காரர் வம்பு பேசுவதை விட்டுவிட்டார். வண்டி கடையைத் தாண்டும்போது எழுந்து நிற்பார்.

வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பம்பு இரைச்சல் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மகள் கூப்பிட்டாள், போகவில்லை. பேச்சு இன்னும் குறைந்தது. நான் போய் உட்கார்ந்தால் நாற்காலியிலிருந்த சாமானை எடுத்து எனக்கு இடம் கொடுப்பார். இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். நெஞ்சு வலி என்று ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஜாக்கி போடாதே, பாரம் தூக்காதே என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார். அது கேட்டதற்கான ஆட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. "மாப்ளே, வா. டார்ச் கொண்டு வா."

போனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்திருந்தார். திட்ட வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னையும் படுக்கச் சொன்னார். படுத்தேன்.

"வலது பக்க ரப்பரைப் பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசி அப்படியே படிந்திருந்தது. எதுவும் தொட்ட அடையாளமே இல்லை.

"இப்ப இடது பக்கம்."

இரும்புத் துண்டு வைத்துக் கீழே இறக்கிய அந்த ரப்பர் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அடிபட்டு அடிபட்டு நடுவில் குழிந்து, ஓரம் வெடித்திருந்தது. சக்கரத்தைத் தாங்குகிற கையில் அது இடித்த இடத்தில் பெயின்ட் போய் வெள்ளை இரும்பு தெரிந்தது. ஸ்பிரிங் மெலிய மெலிய, குழிக்குக் குழி அந்தக் கை மேலே வந்து முட்டியிருக்கிறது. அதற்கு நேர் மேலேதான் இடது சீட்டு. பட்டை இருந்த காலத்திலாவது அடி பட்டையில் பரவும். இது நேராக ஒரே குத்து. ஓட்டுகிறவர் பக்கம் ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் சத்தம் அவர் காதுக்கு எட்டாது. நாங்கள் அளந்ததெல்லாம் நிற்கிற வண்டியில்.

இரண்டு பேரும் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே மல்லாந்து கிடந்தோம்.

"மெத்தையில உக்காந்த மாதிரின்னாளே" என்றார். சத்தமாகப் பேசுகிறவர், அன்றைக்கு எனக்கே பாதிதான் கேட்டது.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது மாமா. உடம்பு இருந்த இருப்புக்கு..."

"பொய் சொல்லாதே. உனக்கு வராது."

வெளியே வந்து கையைத் துடைத்தேன். என் தொழில் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த இரும்புத் துண்டை எடுத்துடலாம். குழாயை வளைச்சு கீழ இறக்கிட்டா போதும். அரை நாள் வேலை. இன்னிக்கே பண்ணிடலாம்."

"அதெல்லாம் ஒன்னும் தொடாதே."

மெதுவாக எழுந்து வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார். நான் உதவிக்குப் போனேன், தள்ளிவிட்டார். கதவைத் திறந்து பெல்ட்டை அவிழ்த்து, மூட்டையைத் தூக்கினார். அதை இப்போது ஒரு கையாலேயே தூக்கிவிடலாம், அவர் இரண்டு கையாலும் தூக்கினார். சுவரோரமாக வாளிக்குப் பக்கத்தில் இறக்கி, சாயாமல் நிமிர்த்தி வைத்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அந்தச் சாவியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு நீ கேட்ட" என்றார். "நான்தான் விடல."

பிறகு சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த வண்டியை அவர் பார்த்ததே கிடையாது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடவிப் பார்த்து, கதவின் மேல் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். அக்கா ஊன்றிக்கொண்ட அதே இடம். நான் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"ஏறு. ஏரிக்கரைப் பக்கம் வேணாம், அது இப்ப நல்ல ரோடு. அவளைக் கூட்டிட்டுப் போனேனே, அந்த ரோட்டுக்குப் போ. நான் போற வேகத்துலயே போ." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். "குழியைப் பாத்து ஒதுக்காதே."